``உப்பு சரியா இருக்கானு பாரு!'' - அம்மா மறைத்த எரிச்சல்

``குழம்புல உப்பு சரியா இருக்கானு பாரு'' என்று அம்மா கரண்டியை நீட்டியபோது எனக்கு எதுவும் தோன்றவில்லை. கொதிக்கும் வாசனையை வைத்தே உப்பு சொல்பவர் அவர்.

அம்மாவுக்கு நுரையீரல் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒருமுறை டிரிப்ஸில் இம்யூனோதெரபி. முடி கொட்டவில்லை, வாந்தி இல்லை. ஸ்கேனில் கட்டி சுருங்கியிருந்தது. வீடே மூச்சுவிட்டது.

ஆனால் அம்மா ரசத்தைத் தொடுவதில்லை. இட்லியைத் தண்ணீரில் நனைத்து விழுங்கினார். ராத்திரி தலைமாட்டில் சொம்பு. ஒருநாள் செல்போன் டார்ச் அடித்துப் பார்த்தேன். நாக்கு வறண்டு வெடித்திருந்தது. கன்னத்தின் உள்ளே வலை பின்னியதுபோல வெள்ளைக் கோடுகள்.

``ஏம்மா சொல்லல?''

``சொன்னா மருந்தை நிறுத்திடுவாங்கடி.''

டாக்டர் பொறுமையாக விளக்கினார். நம் எதிர்ப்பு செல்களுக்கு `பி.டி-1' என்று ஒரு பிரேக் உண்டு. புற்றுநோய் அதை அழுத்திப்பிடித்துத் தப்பிக்கும். அந்தப் பிடியை மருந்து விடுவிக்கிறது. இந்த பிரேக்குகள் தொடர்பான ஆய்வுக்குத்தான் ஜேம்ஸ் அலிசனுக்கும் தசுக்கு ஹோஞ்சோவுக்கும் 2018-ல் நோபல் கிடைத்தது. பிரேக் விட்ட செல்கள் சிலருக்கு உமிழ்நீர்ச் சுரப்பியையும் வாயின் உள்தோலையும்கூடத் தாக்கிவிடும். எச்சில் வற்றினால் சொத்தைப்பல், பூஞ்சைத் தொற்று என்று பிரச்னை வளரும்.

`கீமோவைவிட பக்கவிளைவு குறைவு' என்று இதே சிகிச்சைக்குத் தலைப்பு வைத்தவள் நான். குறைவு என்றால் இல்லை என்று அர்த்தமில்லை என்பதை வீட்டில்தான் படித்தேன்.

ஒரு டோஸைத் தள்ளிவைத்தார்கள். ஸ்டீராய்டு கலந்த வாய் கொப்பளிக்கும் மருந்து, எச்சில் சுரக்க மாத்திரை, ஃபுளூரைடு பேஸ்ட், காரத்துக்குத் தடா. பிறகு சிகிச்சை தொடர்ந்தது. எல்லோருக்கும் இப்படியே நடக்கும் என்று சொல்லமாட்டேன். மருந்தைத் தொடர்வதா, நிறுத்துவதா என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். அதற்கு அவருக்கு விஷயம் தெரிய வேண்டுமே? வாய் வறட்சி, எரிச்சல், புண் எதுவானாலும் அடுத்த விசிட் வரை காத்திருக்காமல் சொல்லிவிடுங்கள். சிகிச்சை முடிந்து சில மாதங்கள் கழித்துக்கூட இது வரலாம்.

எச்சில் முழுதாகத் திரும்பவில்லை. சொம்பு இன்னும் தலைமாட்டில்தான். ஆனால் போன வாரம் குழம்பை உள்ளங்கையில் விட்டு, தானே ருசி பார்த்தார் அம்மா.

``உப்பு கம்மி.''

சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் ஒரு சிட்டிகை போட்டேன்.