ஸ்டெப்னி

ஸ்டெப்னி என்பதை இங்கிலீஷ் வார்த்தை என்று நினைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். லண்டனில் சொன்னால் அந்நகரின் ஒரு பகுதியைத்தான் நினைப்பார்கள். வேல்ஸில் லானெலி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில், 1904இல், டேவிஸ் சகோதரர்கள் ஒரு மாற்றுச் சக்கரத்தைச் செய்து விற்க ஆரம்பித்தார்கள். ஆரங்களற்ற வெறும் வளையம்; காற்றுப்போன சக்கரத்தின்மேல் கவ்விக்கொள்ளும். அந்தச் சாமான் ஒழிந்தது. பிறந்த மண்ணில் வார்த்தையும் ஒழிந்தது. இங்கே தங்கிவிட்டது. தங்கியதோடு நில்லாமல் ஆண்களின் கேலிப்பேச்சில் ஒரு பெண்ணைக் குறிக்கவும் கீழிறங்கியது. கேலி செய்கிறவர்களில் எவரும் நடுராத்திரி நெடுஞ்சாலையில் அதை டிக்கியிலிருந்து இறக்கியவராக இருக்க முடியாது.

என்னிடம் இருப்பது 1980களில் வந்த அம்பாஸடர். மாரிஸ் ஆக்ஸ்போர்டின் மூன்றாம் வரிசை உருவம், உத்தரபாராவில் மறுபிறவி எடுத்து, 2014 வரை ஏறக்குறைய அதே முகத்தோடு வந்துகொண்டிருந்தது. இரவல் வாங்கிய உருவம், இரவல் என்பதே மறக்கப்படும்வரை ஓடியது. இப்போது உற்பத்தி இல்லை. ஆகவே ஒரு சக்கரம் கெட்டால் இன்னொரு அம்பாஸடர் எங்கோ செத்திருக்க வேண்டும்.

ஒரு மழைக்காலத்தில் நீர் நிறைந்த பள்ளத்தில் இடது முன்சக்கரம் இறங்கி ஏறியது. டயர் வெடிக்கவில்லை. காற்று இறங்கவில்லை. ட்யூப் போட்ட டயரில் இது ஒரு சங்கடம். ட்யூப் இல்லாத டயர் என்றால் ரிம் நெளிந்த இடத்தில் காற்றுக் கசிந்து உண்மையைச் சொல்லிவிடும். ட்யூப் சொல்லாது. மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டியதும் ஸ்டியரிங் உதறியது, அவ்வளவுதான். 'பின்னாடி மாத்திப் போட்டுடுங்க, உதறல் தெரியாது' என்று நாலு பேர் சொன்னார்கள். முட்டாள்தனமான யோசனை அல்ல. நமக்கு மிகவும் பழகிய யோசனை. குறையைப் போக்குவதில்லை, குறை தெரியாத இடத்துக்குக் குறையை நகர்த்துவது.

மெக்கானிக் பாய் யோசனை ஏதும் சொல்லவில்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தரையிலிருந்து விடுவித்தார். ஒரு சாக்குக்கட்டியை ரிம்மின் ஓரத்தருகே அசையாமல் பிடித்துக்கொண்டு, சக்கரத்தைச் சுற்றச் சொன்னார். நெளிவில்லாத சக்கரமாயிருந்தால் கோடு முழு வட்டமாக விழும், அல்லது விழவே விழாது. இங்கே ஒரு சாண் அளவுக்கு மட்டும் வெள்ளை விழுந்தது. அடுத்துச் சக்கரத்தைக் கழற்றி, நடுத்தகட்டை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தார். போல்ட் துளை ஒன்றின் விளிம்பிலிருந்து மயிரிழைபோல ஒரு விரிசல். வீல் கப் அதன்மேல் மூடி, வெளியே பளபளத்துக்கொண்டிருந்திருக்கிறது.

'ரிம்ம தட்டி நிமித்திரலாம் பாய், இல்லையா?'

'நிமித்தலாம் சார். விரிசல என்ன பண்றது? பத்த வெச்சா பக்கத்துல விடும். நான் தட்ட மாட்டேன். வேற எடத்துல தட்டுவாங்க.'

இந்த வண்டியின் டயர் ஒரு சுற்றில் சுமார் இரண்டு மீட்டர் போகிறது. கிலோமீட்டருக்கு 500 சுற்று என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தகடு கண்ணுக்குத் தெரியாத அளவில் வளைந்து நிமிர்கிறது. செங்கல்பட்டு போய்வர அறுபதாயிரம் தடவை. விரிசலுக்குக் கோபம் இல்லை, அவசரமும் இல்லை. எண்ணிக்கைதான் இருக்கிறது. பின் சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

புதுப்பேட்டையில் சக்கரங்கள் குவியலாகக் கிடந்தன. போல்ட் துளைகளின் வட்டம் பொருந்தினால் போதும் என்று விற்கிறவர் சொல்வார். போதாது. நடுத்தகடு ரிம்மின் அகலத்தில் எவ்வளவு உள்ளே பதிந்திருக்கிறது என்பது வேண்டும். அது மாறினால் சக்கரம் மாட்டிக்கொள்ளும், நட்டு இறுகும், வண்டி ஓடும். ஆனால் பாரம் பேரிங்கில் தப்பான இடத்தில் விழும், திருப்பத்தில் டயர் மட்கார்டை உரசும். நம் பத்திரிகைகளில் வந்திறங்கிய சில உருவங்களைப் பற்றியும் இதையே சொல்லத் தோன்றுகிறது. துளைகள் பொருந்தின. பாரம் எங்கே விழுகிறது என்று யாரும் பார்க்கவில்லை.

பாய் புதுப் பெயிண்ட் அடித்தவற்றைத் தொடவில்லை. துருவேறிய ஒன்றை எடுத்து, துளை ஓரங்களைச் சுரண்டி, சமதளத்தில் வைத்து ஆட்டிப் பார்த்து வாங்கினார். பெயிண்ட் எதையோ சொல்லாமல் இருக்கத்தான் அடிக்கப்படுகிறது என்பது அவர் கட்சி.

மாட்டும்போது நட்டின் கூம்பு முனை உட்புறம் பார்க்க வேண்டும். அந்தக் கூம்புதான் துளையின் சரிவில் உட்கார்ந்து சக்கரத்தை நடுவில் நிறுத்துகிறது. முதலில் கையால். பிறகு எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக. வண்டியை இறக்கியபின் கடைசி இறுக்கம். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி ஒரு தடவை. முதல் இறுக்கத்தை அவர் நம்புவதில்லை.

பழைய சக்கரத்தை இரும்புக் கடைக்கு எடை போடலாம் என்றேன். அவர் பையனைக் கூப்பிட்டு, காஸ் கட்டரால் அதைக் குறுக்கே இரண்டாக அறுக்கச் சொன்னார். முழுசாகப் போனால் நாலு மாதத்தில் அலுமினியப் பெயிண்டோடு அதே குவியலுக்கு வந்துவிடுமாம். 'எவன் வாங்குவான்னு நமக்குத் தெரியாது சார்' என்றார். அறுத்த கூலியை அவர் பில்லில் சேர்க்கவில்லை.