நடுவில் ஒரு மெருகு

பிளாஸ்டிக் விமான மாதிரிகள் செய்கிறவன் பளபளப்பை நம்பக் கூடாது. பளபளப்பு இல்லாமல் அவனால் வேலையை முடிக்கவும் முடியாது. இந்த முரண் பற்றிச் சொல்லவேண்டியிருக்கிறது.

1/72 அளவில் 'மாருத்' செய்துகொண்டிருந்தேன். குர்ட் டாங்க் என்ற ஜெர்மானியரின் தலைமையில் பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் வடிவமைக்கப்பட்டு, 1961 ஜூனில் முதன்முதலாகப் பறந்த போர் விமானம். அசலின் நீளம் 15.87 மீட்டர், என் மேஜைமேல் 22 சென்டிமீட்டர். உடம்புக்கு மங்கலான உருமறைப்பு வர்ணம். மங்கல் என்பது ஒரு நிறமல்ல. பரப்பின் நுண்ணிய மேடு பள்ளங்களில் ஒளி நாலா பக்கமும் சிதறுகிறது, அவ்வளவுதான். அதன்மேல் நேராக மூவர்ண வட்டச் சின்னத்தை, தண்ணீரில் ஊறவைத்து வழுக்கி ஒட்டும் டீக்காலை, ஒட்டினால் பள்ளங்களில் காற்று சிக்கிக்கொள்ளும். சின்னத்தைச் சுற்றியிருக்கும் மெல்லிய படலம் வெள்ளியாய்ப் பூத்து, தீட்டியதல்ல ஒட்டியது என்று காட்டிக்கொடுத்துவிடும். எனவே முதலில் நிறமற்ற பளபளப்பு வார்னிஷ், பள்ளங்களை நிரப்புவதற்கு. அதன்மேல் சின்னம். ஓரங்களை மூட மீண்டும் ஒரு பளபளப்புப் பூச்சு. கடைசியாக மங்கல் வார்னிஷ். முடிந்த பிறகு பளபளப்பு இருந்த சுவடு தெரியாது. சின்னத்தைப் பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

தருமபுரி வெயிலில் இது லேசான காரியமில்லை. சித்திரை மதியத்தில் ஏர்பிரஷ்ஷிலிருந்து கிளம்பும் துளி, பரப்பைச் சேருமுன்பே பாதி காய்ந்து சொரசொரப்பாக விழுகிறது. மழைக்காலத்தில் லாக்கர் அடித்தால், கரைப்பான் ஆவியாகும் வேகத்தில் பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் படிந்து பால்போல் வெளுக்கிறது. ஆகவே கோடையில் விடிகாலை, மழையில் வறண்ட ஒரு நாள். முதலில் பனிபோல ஒரு தூவல். அது இறுகிய பிறகு ஈரமான பூச்சு. தடித்த ஒன்றைவிட மெல்லிய மூன்று மேல். தடித்துவிட்டால் இறக்கைத் தகடுகளின் இணைப்புக் கோடுகள் மூழ்கிப்போகும்.

எழுபதுகளில் அந்தத் தொழிற்சாலையில் ரிவெட் அடித்தவர் என் தாய்மாமா. பளபளப்புப் பூச்சோடு மாதிரி காய்ந்துகொண்டிருந்த நாளில் வந்தார். வெகுநேரம் பார்த்தார். "இப்படித்தான் மாப்ளே ஷெட்ட விட்டு வெளிய வந்துச்சு. இதோட நிறுத்திக்க" என்றார்.

நிறுத்தக் கூடாது என்பதற்கு என்னிடம் கணக்கு இருந்தது. விமானத்தைச் சுருக்கலாம்; அதன்மேல் விழும் உலகத்தைச் சுருக்க முடியாது. என் அறையின் ஒரு மீட்டர் ஜன்னல் அந்த இறக்கையில் பிரதிபலிக்கிறபோது, மாதிரியின் அளவில் அது 72 மீட்டர் உயர ஜன்னல். அப்படியொரு ஜன்னல் எந்த ஓடுதளத்தின் அருகிலும் கிடையாது. கண் உடனே 'பொம்மை' என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறது. அசல் பளபளத்திருந்தாலும் நகலில் அதைக் குறைத்தாக வேண்டும். இதையெல்லாம் சொன்னேன்.

"நீ தூரத்துல நின்னு பாக்கற. நான் கைய வெச்சுப் பாத்தவன்" என்றார்.

எங்கள் மாவட்டத்தில் ஆநிரைப் பூசலில் பட்ட வீரர்களின் நடுகற்கள் பல. வழிபாட்டில் இருக்கும் கல் எண்ணெய் ஏறிக் கறுத்து மினுங்கும். எழுத்தைப் படிக்கப் போகிறவனுக்கு அந்த மினுக்கு இடைஞ்சல். எண்ணெய் தடவுகிறவனுக்கோ படிக்க வேண்டிய அவசியம் இல்லை. மினுக்கு அவன் கை தொட்டதன் மிச்சம். மாமா கேட்டது அந்த எண்ணெயை.

மெருகைக் கண்டால் போலி என்று ஒதுக்குவது நம் விமர்சனத்தில் ஒரு பழக்கமாகிவிட்டது. நியாயம் உண்டு. சின்ன அனுபவத்தின்மேல் பெரிய ஜன்னல் ஒன்றைப் பிரதிபலிக்கவிடும் கவிதைகளுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. ஆனால் நாம் மெச்சுகிற மங்கலான, எளிய நடைக்கு அடியிலும் ஒரு மெருகு மறைந்திருக்கிறது; அதில்லாமல் ஒரு சொல்லும் சரியாக ஒட்டாது. இவை இரண்டிலும் சேராத மூன்றாவது மெருகு, கை வைத்துப் பார்த்தவனுடையது. அதை அளக்க நம்மிடம் அளவுகோல் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

மங்கல் வார்னிஷைத்தான் அடித்தேன், விமானி உட்காரும் இடத்தின் கண்ணாடிக் கூண்டை மட்டும் மறைத்து வைத்துக்கொண்டு. கண்ணாடி அசலிலும் பளபளப்பதுதான். கணக்குப்படி பார்த்தால் இந்தப் பளபளப்பும் கொஞ்சம் அதிகம். அதை அப்படியே விட்டிருக்கிறேன்.