கலயத்தில் ஒரு விரல் சுண்ணாம்பு

அமெரிக்காவில் கென்டக்கி என்றொரு மாகாணம் இருக்கிறது. 'போர்பன்' என்னும் மதுவுக்குப் பேர்போனது. பாதிக்கு மேல் மக்காச்சோளம் சேர்த்து வடித்து, உட்புறம் கருக்கிய பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் அடைத்து வைக்கிறார்கள். பழம்புட்டிகளையே விசேஷமாக வைத்து விற்கும் பானசாலைகளும் அத்தேசத்தில் உண்டு. வயது ஏற ஏற விலையும் ஏறுமாம்!

நமது விருதுநகர்ச் சீமையிலும் ஒருவகைப் பானசாலை உண்டு. அதன் சாஸ்திரமோ நேர்மாறு. காலையில் இறக்கியது மத்தியானத்துக்கு மேல் ஆகாது. அதுதான் பதநீர்.

ஆமத்தூர் வழியாகச் சிவகாசிக்குச் செல்லும் சாலையில், சித்திரை மாதத்துக் காலை ஒன்றில் அத்தகைய சாலைக்கு விஜயம் செய்தேன். கூரை, வேப்பமர நிழல். ஆசனம், பாதி புதைந்த கல். பாத்திரம், பச்சைப் பனையோலையில் மடித்த பட்டை. பட்டாசு ஆலைக்குப் போகும் பெண்கள் தூக்குவாளியில் வாங்கிக்கொண்டு விரைந்தனர். லாரி ஓட்டுநர் ஒருவரும் நானும் நுங்கு மிதக்கும் பதநீரை மெள்ள மெள்ள உறிஞ்சினோம்.

பாளையைச் சீவிக் கட்டும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் பதநீர். தடவாவிட்டால் அதே சாறு சில நாழிகையில் புளித்துக் கள்ளாகிவிடும். தெளிவுக்கும் மயக்கத்துக்கும் நடுவே ஒரு விரல் சுண்ணாம்புதான்!

சட்டமும் இம்மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. 1937-ல் ராஜாஜி மந்திரிசபை சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது, 1971-ல் தளர்ந்தது. பின்னர் இறுகியும் தளர்ந்தும், 1987 முதல் கள்ளுக்குத் தடை வந்தது. 2003 முதலோ சீமைச் சரக்கைச் சர்க்கார் கழகமே சில்லறையில் விற்கிறது. விசித்திரந்தான்!

"பெரியவரே, உங்கள் மகனும் மரமேறுவாரா?" என்று கேட்டேன்.

"இல்லை, வாத்தியாரையா. சிவகாசியிலே அச்சாபீஸில் இருக்கிறான். தினம் காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கணும். தவறி விழுந்தால் குடும்பத்துக்கு யார் கதி?"

பதில் சொல்ல எனக்கு வாய் எழவில்லை. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் சர்க்கார் அறிவித்தது நல்ல காரியமே. ஆனால் மரம் நின்று, ஏறுகிறவர் இல்லாமற் போனால் பயன் என்ன?

நேயர்களே! பங்குனி முதல் ஆனி வரை அப்பக்கம் பிரயாணம் செய்தால், காரைச் சற்று நிறுத்துங்கள். குழந்தைகளுக்கும் ஒரு பட்டை வாங்கிக் கொடுங்கள். விலையை மட்டும் பேரம் பேசாதீர்கள்.