பீலித் தண்ணீரும் நீலக் காரும்

யூலை பிறந்துவிட்டால் கொஸ்லந்தையில் எங்கள் லயத்துப் பீலி மெலிந்துவிடும். மலையின் மறுபுறத்தே மழையைக் கொட்டிவிட்டு வரும் தென்மேற்குப் பருவக்காற்று, எங்கள் பக்கம் இறங்குகையில் வெறும் வறட்சியையே கொணர்கிறது. அத்தகையதொரு காலையில், அப்பாவின் வாடகைக் காரைக் கழுவுவதற்கென நான் மூன்று வாளிகளை வரிசையில் வைத்தேன். பின்னால் நின்ற அக்கா ஒருவர் கொழுந்துக்குப் புறப்பட வேண்டியவர். அவர் கோபிக்கவில்லை.

"காரு குளிச்சி முடிச்ச பொறகு சொல்லு தம்பி, நாங்க சோறாக்குறோம்" என்றார்.

வாளிகளை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன்.

ஆயினும் எங்கள் வீட்டுச் சோறு அந்தக் காரிலிருந்தன்றோ வருகிறது? புழுதி படிந்த வண்டியில் ஏறுவதற்கு ஆட்கள் தயங்குவர். ஆகவே பழஞ்சாரம் ஒன்றைக் கிழித்து, உலர்ந்தபடியே அழுத்தித் துடைத்தேன். மறுநாள் வெயிலில் பார்த்தபோது நீல வண்ணத்தின்மேல் சிலந்தி வலைபோற் கீறல்கள். அப்பா ஏசவில்லை, விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். ஏசியிருந்தால் நான் உறங்கியிருப்பேன்.

அதன் பின்னரே, கலைப்பீட மாணவனாகிய நான் வண்ணப்பூச்சின் இயல்பைத் தேடிப் படிக்கலானேன். காரின் நிறத்துக்கு மேலே நிறமற்ற மேற்பூச்சொன்று உண்டு. அதன் தடிப்பு தலைமயிரின் தடிப்பிலும் குறைவு. சாலைப் புழுதியிலோ அதனினும் பன்மடங்கு கடினமான மணற்றுகள் உண்டு. உலர்ந்த துணி அத்துகளைப் பிடித்து இழுக்கும்போது, நாம் துடைப்பதில்லை, உழுகின்றோம். நீரின்றித் துடைப்பதற்கெனப் போத்தலில் விற்கப்படும் திரவம் துகளைச் சூழ்ந்து வழுக்கச் செய்கிறது. அதனைத் தாராளமாகத் தெளித்துச் சற்றுப் பொறுக்க வேண்டும். வண்டி நிழலில், சூடாறி நிற்றல் அவசியம். மைக்ரோபைபர் துணியை எட்டாக மடித்து, அழுத்தாது, ஒரே திசையில் இழுத்து, ஒவ்வோர் இழுப்புக்கும் புதுமுகம் திருப்ப வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கி வரவேண்டும். சில்லுகளுக்கு வேறு துணி. நிலத்தில் விழுந்த துணியை அலசாமல் மீண்டும் தொடலாகாது.

சேறு அப்பிய வண்டிக்கு இம்முறை ஆகவே ஆகாது. அதற்கு நீர்தான் வேண்டும். நல்லவேளையாக, எங்கள் ஊரிற் சேறு இருக்கும் காலத்தில் நீரும் இருக்கும்; சில வேளை வேண்டாத அளவுக்கே இருக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் மழையோடு இறங்கிய மலை லயங்களையே மூடிவிட்டதல்லவா?

பெருநகரங்களும் இவ்வழக்குக்கு வந்து சேர்ந்துவிட்டன. 2018இல் கேப் டவுன் நகரம் ஆளொருவருக்கு நாளொன்றுக்கு 50 லீற்றர் என அளந்ததோடு, குழாய்நீரில் வாகனம் கழுவுவதையும் தடுத்திருந்தது. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவுவோருக்கு 5,000 ரூபா தண்டம் அறிவிக்கப்பட்டது. எங்கள் பீலியில் அந்தத் தண்டத்தை அந்த அக்கா முன்னரே விதித்துவிட்டார்.

ஒன்றை மறைக்கலாகாது. துணிகளை அலச எனக்கும் ஒரு வாளி நீர் வேண்டும். எல்லோரும் போன பின்னர், இருட்டியே அதைப் பிடிக்கிறேன். ஒருநாள் அக்கா கண்டுவிட்டார்.

"என்ன தம்பி, காரு குளிக்கலயா?"

"மூஞ்சி மட்டும் தொடச்சிக்கிச்சி அக்கா" என்றேன். சிரித்துக்கொண்டே தம் குடத்தைப் பீலிக்கு அடியில் வைத்தார்.