பிரேக்குக்குள்ளே காத்து

ஞாயிற்றுக்கிழமை காலையில் சிம்ஹகட் கோட்டைக்குச் சைக்கிள் மிதிப்பது புனேக்காரர்களின் வியாதி. பத்து வருஷமாக இங்கே இருக்கிறேனே, எனக்கும் தொற்றிக்கொண்டது. என்னிடமிருந்து பையனுக்கு.

மூணு மாசம் முன்னாடி, மேலேயிருந்து இறங்க ஆரம்பித்ததுமே "அப்பா, நில்லு!" என்று கத்தினான். அவன் முன் பிரேக் லிவர் ஹேண்டில்பார் வரைக்கும் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. நாலைந்து தடவை விட்டு விட்டு அமுக்கினால்தான் பிடித்தது.

"ரெண்டு வாரமாவே இப்படித்தான். பாக்கறேன்னு சொன்னியேப்பா?"

சொன்னேன்தான். இறக்கம் முழுக்கத் தள்ளிக்கொண்டே வந்தோம்.

விஷயம் இதுதான். ஹைட்ராலிக் பிரேக்கில் கம்பியோ கேபிளோ கிடையாது. லிவர் எண்ணெயைத் தள்ளும், எண்ணெய் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் பேடை டிஸ்க்கோடு அழுத்தும். எண்ணெய் சுருங்காது, காற்று சுருங்கும். உள்ளே குமிழி இருந்தால் நம் கை பலமெல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும்.

தெருமுனை பைக் மெக்கானிக் டாட் 4 பாட்டிலை எடுத்துவிட்டார். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று இந்தியில் சொன்னார். நல்லவேளை, லிவர் மூடியைப் படித்தேன்: மினரல் ஆயில் மட்டும். அது ஷிமானோ பிரேக். டாட் கிளைகால் வகை. மாற்றி ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் கெட்டுப்போகும், பிரேக் மொத்தமும் போச்சு.

எண்ணெயும் கிட்டும் ஆன்லைனில் வாங்கி, பால்கனியில் உட்கார்ந்தோம். சக்கரத்தையும் பேடுகளையும் கழற்றி ஓரமாக வைத்தோம். பேடில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிடிக்காது. பிஸ்டன் வெளியே வராமல் இருக்க நடுவில் பிளாஸ்டிக் கட்டை. லிவரைத் தரைமட்டமாகத் திருப்பி, மேல் திருகைக் கழற்றிப் புனலைப் பொருத்தினேன். கீழே காலிப்பரில் சிரிஞ்ச். 7 எம்எம் ஸ்பேனரால் நிப்பிளைக் கொஞ்சம் திறந்து மெதுவாக அமுக்கினேன். காற்று தானாகவே மேலேதான் போகப் பார்க்கும், அதனால் கீழிருந்து மேலே. பையன் ஹோஸைத் தட்டிக்கொண்டே, புனலில் வந்த குமிழிகளை எண்ணினான்.

எல்லாம் சேர்த்தால் ஒரு மிளகளவு காற்று இருந்திருக்குமா? அவ்வளவுதான்.

நிப்பிளை இறுக்கி, புனலை எடுத்து, எல்லாம் துடைத்து மாட்டினோம். லிவர் பாதியிலேயே கல்லு மாதிரி நின்றது.

இப்போதெல்லாம் கிளம்புமுன் அவனே இரண்டு சைக்கிள் லிவரையும் அமுக்கிப் பார்க்கிறான். என்னுடையதை முதலில்.