வெண்ணெய் உருண்டைக்கு அப்பால்

அண்ணனூரிலிருந்து மாமல்லபுரம் போவது இப்போ லேசு. வெளிவட்டச் சாலையில் ஏறினால் வண்டலூர், அப்புறம் கேளம்பாக்கம், திருப்போரூர். நைனா, ஆயா, தங்கச்சி, அவள் பிள்ளைங்க, நான் எல்லாரும் வாடகை வேனில் போனோம். ரயில்வே கார்ஷெட்டில் கலாசியாக இருந்து ரிட்டயர் ஆன நைனா, அன்னைக்குத்தான் முதல்முறையாக வெண்ணெய் உருண்டையைப் பார்த்தார். சரிவுப் பாறைமேல் ஒட்டவச்ச மாதிரி நிற்கிறது, இயற்கையே நிறுத்தின கல். 1908இல் கவர்னர் லாலி ஏழு யானையைக் கட்டி இழுத்தும் அசையவில்லையாம். கைடு சொன்னான். "எங்க கேங்க கூப்ட்டிருந்தா ஜாக்கி வச்சே நகத்திருப்போம்" என்றார் நைனா.

அர்ச்சுனன் தபசு முன்னால் ஆயா கேட்டாள்: "இம்மாங் கல்லையும் ஒடச்சவன் பேரு இன்னா?" கைடுக்குப் பல்லவ ராஜாக்கள் பேர்தான் தெரிந்திருந்தது. பாவம், அவனுக்குச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான்.

பக்கத்தில்தான் காரணை. அங்கேயும் போகணும் என்றேன். "அங்க இன்னா கீது?" என்றான் தங்கச்சி மகன். வேனிலேயே சொன்னேன்.

1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த திரமென்ஹீர், பறைச்சேரி ஜனங்க படும் பாட்டை அறிக்கையாக எழுதினார். அதைத் தொட்டு 1892இல் வெள்ளைக்கார சர்க்கார் நம்ம ஜனங்களுக்கென்று நிலம் ஒதுக்க உத்தரவு போட்டது. பஞ்சமி நிலம் என்கிறோமே, அது. முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது. பிறகும் நம்ம ஜனங்களுக்கு மட்டும்தான் விற்கலாம். மற்றவன் வாங்கினால் செல்லாது. காகிதத்தில் இப்படி. நிலமோ கைமாறிப் போனது. 1994இல் காரணை ஜனங்க தங்கள் நிலத்தைக் கேட்டு இறங்கினார்கள். அங்கே அம்பேத்கர் சிலையை வைத்தார்கள். சிலை அகற்றப்பட்டது. அதைக் கண்டித்து அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் திரண்டவர்கள்மேல் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இரண்டு பேரும் செத்தார்கள். வருஷா வருஷம் அந்தத் தேதியில் ஜனங்க அஞ்சலி செலுத்துகிறார்கள். மாமல்லபுரம் கைடு எவனும் இதைச் சொல்ல மாட்டான்.

ஆயா சன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினாள். "எங்கப்பனுக்கும் சர்க்கார் குடுத்த ஒரு காணி இருந்துச்சி. பஞ்சத்துல ரெண்டு மூட்ட நெல்லுக்கு ரேக வச்சிட்டான்." இத்தனை வருஷத்தில் வீட்டில் யாரிடமும் இதை அவள் சொன்னதில்லை. நைனாவே திகைச்சிப் போனார்.

"வாங்கனவன் யாரு ஆயா?"

"கவுண்டன், மொதலி இல்லாம நம்மாளா?"

"அப்ப அது செல்லாதே! நம்பள்துதானே?" என்றான் பையன். "சர்வே நம்பர் தெரியுமா?"

"நம்பர்லாம் தெரியாதுடா. கெழக்கால ஏரி மதகு. தெக்கால ரெண்டு பனமரம்."

அவன் செல்போனை எடுத்து எழுதிக்கொண்டான்.