செஞ்சியில் ஒரு மாளிகை, சென்னையில் ஒரு துரை

எழும்பூர் ரயில் நிலையத்தில் வண்டிக்காகக் காத்திராத தமிழ்க் குடும்பம் அபூர்வம். ஆனால் தலையை நிமிர்த்தி அந்தக் கட்டடத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்பது சந்தேகந்தான். மூட்டைகளை எண்ணவும், குழந்தைகளை எண்ணவும், சுமை தூக்குபவரோடு கூலி பேசவுமே பொழுது சரியாகிவிடுகிறது. கும்மட்டத்தை யார் கவனிப்பது? 1908-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அந்த நிலையத்துக்கு வடிவம் வகுத்தவர் ஹென்றி இர்வின் துரை. அதைக் கட்டி நிறுத்தியவர் பெங்களூர் ஒப்பந்தக்காரரான சாமிநாத பிள்ளை. துரையின் பெயர் எல்லாப் புத்தகங்களிலும் இருக்கிறது. பிள்ளையவர்களின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சுண்ணாம்பு அரைத்தவர்களும் செங்கல் அடுக்கியவர்களும் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இந்த எண்ணம் மனத்தில் உறுத்தத்தான் திண்டிவனத்துக்கு டிக்கெட் வாங்கினோம். சென்னையில் வெள்ளைக்காரர்கள் எழுப்பிய வளைவுகளுக்கும் கும்மட்டங்களுக்கும் நம் நாட்டிலேயே மூத்த உறவினர் உண்டா என்று நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது ஆசை. செங்கற்பட்டு ஏரி, பாலாறு, மதுராந்தகம் எல்லாம் ஜன்னலில் வந்து போயின. திண்டிவனம் என்றால் புளியங்காடு என்று பொருள் சொல்வார்கள். ‘திந்திரிணி வனம்’ என்பதே இப்படி மருவியதாம். இன்று இறங்கிப் பார்த்தால் வனத்தைக் காணோம். பஸ்கள்தாம் அடர்ந்து நிற்கின்றன. அவற்றில் ஒன்றில் ஏறி மேற்கே ஏறக்குறைய 28 கிலோ மீட்டர் சென்றால் செஞ்சி.

செஞ்சிக்குள் நுழையுமுன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அவர் பெயர் ராபர்ட் பெல்லோஸ் சிஸ்ஹோம். 1840-இல் பிறந்தவர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஆலைத் தொழிலால் பணம் குவிந்த ஊர்களெல்லாம் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு நகர மண்டபங்கள் கட்டின. லீட்ஸ் நகரத்தார் ஒரு பந்தயம் வைத்தார்கள். ஹல் என்ற துறைமுக ஊரைச் சேர்ந்த கத்பர்ட் பிராட்ரிக் என்னும் இளைஞர் அதில் வென்றார். 1858-இல் விக்டோரியா ராணியே வந்து அந்த மண்டபத்தைத் திறந்து வைத்தார். லண்டனில் பெயர் எடுக்காத ஒருவருக்கு ஒரே பந்தயத்தில் வாழ்வு வந்துவிட்டது. சிஸ்ஹோமுக்கும் அப்படித்தான். வங்காள மராமத்து இலாகாவில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், சென்னை சர்க்கார் நடத்திய பந்தயத்தில் 1865-இல் வென்று இங்கே வந்து சேர்ந்தார். கடற்கரையில் நிற்கும் மாகாணக் கல்லூரிக் கட்டடம் அந்த வெற்றியின் பலன்.

ஆனால் அக்கல்லூரி முழுக்க முழுக்க ஐரோப்பியச் சாயல் உள்ளது. அதைக் கட்டிய கையே அடுத்துச் செய்தவை வேறு மாதிரி ஆகிவிட்டன. சேப்பாக்கம் அரண்மனையின் பக்கத்தில் வேலை செய்ய நேர்ந்தபோது, நவாபின் கட்டடத்தோடு ஒட்டிப் போகும்படி கோபுரமும் வளைவும் அமைத்தார். பிறகு 1874 முதல் 1879 வரையில் சர்வகலாசாலையின் செனட் மண்டபம் எழுந்தது. 1880-இல் திருவனந்தபுரத்தில் நேப்பியர் பொருட்காட்சிச்சாலை. அதில் மலையாள நாட்டுக் கூரைகளைக் காணலாம். எங்கே போனாலும் அந்த மண்ணைப் பார்த்து வரைந்தவர் என்ற பெருமையை அவருக்குக் கொடுக்கத்தான் வேண்டும்.

இந்த மாறுதல் எப்படி நேர்ந்தது? அப்போதைய கவர்னர் நேப்பியர் பிரபு மதுரையில் திருமலை நாயக்கர் மஹால் பாழடைந்து கிடப்பதைக் கண்டு அதைப் புதுப்பிக்க உத்தரவிட்டார். அந்தப் பொறுப்பு சிஸ்ஹோமிடம் வந்தது. வானளாவிய தூண்களையும் அவற்றின் மீது பாயும் வளைவுகளையும் சுதை வேலையையும் பழுது பார்ப்பவன் வெறுமே பார்த்துவிட்டுப் போக முடியாது; அங்குலம் அங்குலமாகத் தடவித்தான் ஆக வேண்டும். பரீட்சையில் தேறி வந்த துரை, மதுரையில் மறுபடியும் பள்ளிக்கூடம் போனார் என்பது நமது அபிப்பிராயம். நேப்பியர் பிரபுவோ, சர்க்கார் கட்டடங்களுக்கு முகம்மதிய பாணியே ஏற்றது என்று 1870-இல் ஒரு பிரசங்கமே செய்தார். கோயில்களால் நிறைந்த நாட்டுக்கு இப்படி ஒரு தீர்ப்பு! அதனால்தான் சென்னை ஹைகோர்ட் முதலான கட்டடங்களில் வடநாட்டுக் கும்மட்டங்கள் அவ்வளவு தாராளமாக ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

இனிச் செஞ்சி. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகள். மூன்றையும் வளைத்துச் செல்லும் மதில். 1677-இல் சிவாஜி மகாராஜா பிடித்த கோட்டை. அவருடைய குமாரர் ராஜாராம், மொகலாயப் படையை 1698 வரை தடுத்து நிறுத்திய கோட்டை. தேசிங்கு ராஜன் 1714-இல் உயிர் கொடுத்த இடம். 2025 ஜூலை மாதத்தில் மராட்டியர் கோட்டைகளோடு சேர்த்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறிவிட்டது. வீரக் கதைகள் இங்கே ஏராளம். ஆனால் நாம் தேடி வந்தது கதையை அல்ல; ராஜகிரியின் அடிவாரத்தில் உள்ள கல்யாண மஹாலை.

சதுரமான முற்றம். அதன் மத்தியில் ஏறக்குறைய 80 அடி உயரத்துக்கு அடுக்கடுக்காக எழுகிறது மாளிகை. அடுக்குகள் பெரும்பாலும் ஒரே அளவு: நடுவில் ஒரு சிறிய அறை, அதைச் சுற்றி வளைவுகள் தாங்கும் தாழ்வாரம். உச்சியில் கும்மட்டம் இல்லை. கோயில் விமானத்தை நினைவூட்டும் கூம்புக் கூரை. வளைவு முகம்மதியர் வழி, கூரை நம் வழி, இரண்டும் சண்டையின்றிக் குடித்தனம் செய்கின்றன! சித்திரை வெயிலில் வெளியே பாறை தகிக்கிறபோது தாழ்வாரத்தில் காற்று வீசுகிறது. மேல் அடுக்குகளுக்கு மண் குழாய் வழியாகத் தண்ணீர் கொண்டுபோயிருக்கிறார்கள். மதுரையில் துரை எதைக் கண்டு மயங்கினாரோ அதன் உடன்பிறப்பு இது. இரண்டு பாணிகளைக் கலப்பது எப்படி என்று லண்டனில் தர்க்கம் நடப்பதற்கு முன்பே, செஞ்சியில் கொத்தனார்கள் அதைச் செய்து முடித்துச் சாரத்தையும் பிரித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது தெரியுமா? தெரியாது. சற்றுத் தள்ளி 1717-ஐ ஒட்டிக் கட்டிய சாதத்துல்லா கான் மசூதி. அதில் பாரசீகக் கல்வெட்டு உண்டு. அங்கும் நவாபின் பெயர்தான்.

வெள்ளைக்காரனைக் குறை சொல்லிக்கொண்டே விழுப்புரத்துப் பாதையில் திரும்பிய நமக்கு வழியில் ஒரு பாடம் காத்திருந்தது. மண்டகப்பட்டில் இறங்கினோம். வயல்களுக்கு இடையே ஒரு பாறை; அதைக் குடைந்து ஒரு கோயில். சுமார் 1,400 ஆண்டுகளுக்கு முன் மகேந்திரவர்ம பல்லவன் செய்வித்தது. பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் மூன்று அறைகள். பருத்த தூண்கள், மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை. இரு கோடியிலும் துவாரபாலகர்கள். செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் செய்வித்தான் என்று அரசன் வடமொழியில் கல்லில் வெட்டி வைத்திருக்கிறான். அதுவரை மரத்திலும் செங்கல்லிலும் கோயில் எடுத்துப் பழகிய நாட்டில் இது உண்மையாகவே புதுமைதான்; பெருமைப்பட உரிமை உண்டு. எதெது இல்லாமல் செய்தான் என்ற பட்டியலில் உளி பிடித்தவனும் சேர்ந்துவிட்டான் என்பதுதான் நமக்குத் தோன்றியது. ஆகவே எழும்பூர் வழக்கம் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்ததல்ல.

சிஸ்ஹோம் 1915-இல் காலமானார். அவர் தாயகம் திரும்பிய பிறகு லண்டன் செல்ஸி பகுதியில் வகுத்த தேவாலயம் இன்று காடகன் ஹால் என்ற சங்கீத மண்டபமாக இருக்கிறது. லண்டன் செல்லும் நம்மவர்கள் அங்கே கச்சேரி கேட்கப் போனால், கூரையையும் சற்று அண்ணாந்து பார்த்துவிட்டு வரலாம்.

மண்டகப்பட்டிலிருந்து விழுப்புரம் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. ஐந்து திசைகளில் தண்டவாளம் பிரியும் பெரிய ஜங்ஷன் அது. புதுச்சேரிக்குச் செல்லும் கிளை 1879-லேயே போடப்பட்டது. பொழுது மீதியிருந்தால் தளவானூருக்கும் போய் வரலாம். அங்கும் மகேந்திரனுடைய குடைவரை உண்டு. முகப்பில் மகர தோரணம் வெகு அழகு. கையில் தண்ணீரும் கட்டுச் சாதமும் எடுத்துச் செல்வது நலம்.